முன்னாய்வுகளைத் தேடித் தொகுப்பது எப்படி? பல துறைகளைத் தொடும் தலைப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வில் சேர்ந்த மாணவரிடம் கைடு முதலில் சொல்வது, "லிட்ரேச்சர் ரிவ்யூ முடிச்சிட்டு வாங்க" என்பதுதான். அதாவது, தலைப்பில் முன்பு வந்த ஆய்வுகளைத் தேடிப் படித்துத் தொகுப்பது. அதை எப்படி முடிப்பது என்று பெரும்பாலும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. மாணவர் அன்று இரவே ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து தலைப்பைத் தட்டுகிறார். கண்ணில் பட்ட பிடிஎஃப்களை எல்லாம் இறக்கி வைக்கிறார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஃபோல்டரில் இருநூறு கோப்புகள் கிடக்கின்றன. எதை எதற்காக எடுத்தோம் என்பது மட்டும் நினைவில் இல்லை.

என் ஆய்வை முடித்த பிறகு பல மாணவர்களோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தேடும் சொல்லை யோசிக்காமல் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரே பொருளைப் பொறியியல்காரர் ஒரு பெயரில் எழுதியிருப்பார், பொருளாதாரக்காரர் இன்னொரு பெயரில், வரலாற்றுக்காரர் மூன்றாவது பெயரில். ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால், "இந்தத் தலைப்பில் யாருமே வேலை செய்யவில்லை" என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அந்த ஒரு வரியே மாட்டிவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் தேடலுக்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். விளக்கத்துக்கு ஒரே தலைப்பைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன்: தமிழ்நாட்டு ஏரிகளில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைவது. சிவில் பொறியியல், மண்ணியல், வேளாண் பொருளாதாரம், வரலாறு, கல்வெட்டியல், இலக்கியம் என்று எல்லாத் துறைகளும் இதைத் தொட்டிருக்கின்றன. உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வரிசை இதேதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகரைப் போய்ப் பாருங்கள். என்னென்ன ஜர்னல்களும் தரவுத்தளங்களும் உங்கள் நிறுவனத்துக்குத் திறந்திருக்கின்றன, வீட்டிலிருந்து எப்படி உள்ளே நுழைவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள் கிடைக்கின்றன. தன் கல்லூரியும் அதில் இருக்கிறது என்பது தெரியாமலேயே காசு கொடுத்துக் கட்டுரை வாங்கிய மாணவரைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஜோட்டெரோ மென்பொருளையும் அதன் பிரவுசர் இணைப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம். கட்டுரையின் விவரம், பிடிஎஃப், உங்கள் குறிப்பு மூன்றையும் ஒரே இடத்தில் வைக்கும். கடைசியில் ரெஃபரன்ஸ் பட்டியலையும் அதுவே போட்டுக் கொடுக்கும். முதல் கட்டுரையை இறக்குவதற்கு முன்பே இதை நிறுவ வேண்டும். இருநூறு கோப்புகள் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுவது பெரும் பாடு.

மூன்றாவது, ஓர் எக்செல் கோப்பு. அதில் இரண்டு தாள்கள் போதும். ஒன்றுக்குத் 'தேடல் பதிவு' என்றும் இன்னொன்றுக்குக் 'கட்டுரை அட்டவணை' என்றும் பெயர் வையுங்கள். இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

1. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"தமிழ்நாட்டு ஏரிகள்" என்பது தலைப்பு. அதை வைத்துத் தேட முடியாது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு. பறவைகள், ஆக்கிரமிப்பு, மீன் வளர்ப்பு, பாசனம் என அவற்றைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம்.

"கடந்த நாற்பது ஆண்டுகளில் தென் மாவட்டக் கண்மாய்களின் கொள்ளளவு வண்டலால் எவ்வளவு குறைந்தது, அதை எப்படி அளந்தார்கள்?" என்பது கேள்வி. இதில் இடம், காலம், பொருள், அளக்கும் முறை நான்கும் இருக்கின்றன. ஒரு கட்டுரை கைக்கு வந்ததும் இது வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல இந்த நான்கும்தான் உதவும். கேள்வி இல்லாமல் தேடினால் எல்லாமே முக்கியமாகத் தெரியும்.

கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டி வையுங்கள். பாதி வழியில் அது மாறலாம், தப்பில்லை. மாறினால் பழையதை அடித்துவிட்டு, தேதி போட்டுப் புதியதை எழுதுங்கள்.

2. துறைவாரியாகச் சொற்பட்டியல் போடுங்கள்

இந்தப் படிக்குக் குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள். அவசரப்பட வேண்டாம்.

ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். மேலே துறைகள், இடப்பக்கம் உங்கள் கேள்வியில் உள்ள பொருள்கள். எங்கள் எடுத்துக்காட்டில் முதல் பொருள் 'ஏரி'. பாசனப் பொறியியலில் இதை 'டேங்க்' என்பார்கள். நீரியலில் 'ஸ்மால் ரிசர்வாயர்'. சூழலியலில் 'வெட்லேண்ட்'. பொருளாதாரத்தில் பொதுச்சொத்து என்ற கண்ணோட்டத்தில் 'காமன் பூல் ரிசோர்ஸ்'. வளர்ச்சித் திட்ட அறிக்கைகளில் 'மைனர் இரிகேஷன்' அல்லது 'வாட்டர் பாடி'. எல்லாம் நம்மூர் ஏரிதான்.

இரண்டாவது பொருள் 'வண்டல் படிதல்'. 'சில்டேஷன்' என்று தேடினால் ஒரு கூட்டம் வரும், 'செடிமென்டேஷன்' என்றால் வேறொரு கூட்டம். 'கொள்ளளவு இழப்பு' என்ற பொருளில் 'கெப்பாசிட்டி லாஸ்' என்று மட்டும் தலைப்பில் வைத்து, வண்டல் என்ற சொல்லையே தலைப்பில் சொல்லாத கட்டுரைகளும் உண்டு. தூர்வாருவதைப் பற்றியவை 'டீசில்டிங்', 'ரீஹேபிலிடேஷன்', 'ரெஸ்டோரேஷன்' என்று மூன்று பெயர்களில் கிடக்கும்.

இனி வட்டாரப் பெயர்கள். வட மாவட்டங்களில் ஏரி; மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்; திருநெல்வேலியில் குளம். சிறியது தாங்கல், குடிநீருக்கானது ஊருணி. எல்லையைத் தாண்டினால் கன்னடத்தில் கெரெ, தெலுங்கில் செருவு. இலங்கையில் தமிழர் குளம் என்பதைச் சிங்களத்தில் வெவ என்கிறார்கள். உலர் வலயத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த குளங்களின் தொடரை 'டேங்க் காஸ்கேட்' என்ற பெயரில் ஆராய்கிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்த் தொடர்களுக்கு அந்த இலங்கை ஆய்வுகள் நேரடியாகப் பயன்படும். ஆனால் 'கண்மாய்' என்று மட்டும் தேடுகிறவருக்கு அவை ஒருநாளும் கிடைக்காது.

அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை கிடையாது. கண்மாயை 'ஏஐ' போட்டும் எழுதுவார்கள், 'ஓஐ' போட்டும் எழுதுவார்கள். ஊருணியின் முதல் எழுத்து சிலருக்கு ஒரு 'யு', சிலருக்கு இரண்டு 'ஓ'. 'ழ' வந்தால் கேட்கவே வேண்டாம். சிலர் 'இசட்எச்', சிலர் வெறும் 'எல்', தமிழியல் ஆய்வாளர்கள் எல்லுக்குக் கீழே கோடு. குடவோலைக் கல்வெட்டுக்குப் பேர்போன ஊரை உத்திரமேரூர், உத்தரமேரூர், உத்தரமல்லூர் என்று காலத்துக்கு ஒரு விதமாக அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வடிவத்தையும் பட்டியலில் எழுதுங்கள். தேடுபொறி இதை உங்களுக்காக ஊகிக்காது.

இந்தச் சொற்களை எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு துறையிலும் உங்கள் பொருளுக்கு அருகில் வரும் இரண்டு கட்டுரைகளை மட்டும் எடுங்கள். தலைப்பு, சுருக்கம், அதற்குக் கீழே கொடுத்திருக்கும் குறிச்சொற்கள் மூன்றையும் பார்த்துச் சொற்களைப் பொறுக்குங்கள். கட்டுரையை இப்போது படிக்க வேண்டாம், சொல்லை மட்டும் எடுங்கள். அப்புறம் அந்தந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சில் நான்கு புதுச் சொற்கள் கிடைக்கும். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "டேங்க் மெமாயர் பார்த்தீங்களா?" என்றார். 1883இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின் வழியாக உருவான ஆவணங்கள் அவை. ஒவ்வோர் ஏரியின் கரை, மதகு, உபரிநீர் வழியும் கலிங்கு, கொள்ளளவு விவரங்கள் அவற்றில் இருக்கும். பழைய கொள்ளளவு தெரியாமல் எவ்வளவு குறைந்தது என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு சொல் என் ஆய்வையே திருப்பிப் போட்டது.

வழக்கமான தவறு: ஆங்கிலத்தில் மட்டும் பட்டியல் போடுவது. தமிழ் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் தமிழ்ச் சொல்லில்தான் அகப்படும். மடை, மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு, குடிமராமத்து எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதித் தனிப்பட்டியல் வையுங்கள்.

3. எந்தத் துறைக்கு எங்கே தேடுவது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் கூகுள் ஸ்காலர் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஸ்காலர் அகலமானது, ஆனால் ஒரு தேடலுக்கு முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. அது வரிசைப்படுத்தும் விதமும் நம் கையில் இல்லை. அதை முதல் உலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியியலுக்கும் அறிவியலுக்கும் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளம். மின்னணுவியல், கணினி என்றால் ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் முன்வரைவுகளுக்கு (ஜர்னலில் வெளியாகும் முன்பே பொதுவில் வைக்கும் கட்டுரைகள்) 1991இல் தொடங்கிய ஆர்க்சிவ். மருத்துவம், உயிரியலுக்கு பப்மெட், இலவசம். மனிதவியலுக்கும் வரலாற்றுக்கும் ஜேஸ்டோர். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் 'சோத்கங்கா'. உங்கள் தலைப்பிலேயே பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் பட்டம் வாங்கியிருந்தால் அது அங்கேதான் தெரியவரும். அதனால் சோத்கங்காவை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள், கடைசிக்கு வைக்காதீர்கள்.

பண்பாடு, வரலாறு சார்ந்த பகுதிக்கு இணையம் மட்டும் போதாது. கல்வெட்டுகளுக்கு 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் இருக்கின்றன. உத்திரமேரூரில் ஏரியைப் பராமரிக்கும் குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசும் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, ஆண்டறிக்கையில் 1898ஆம் ஆண்டின் எண்ணாக வரும். இந்த எண்ணைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் கல்வெட்டைச் சுட்டுவார்கள், ஊர்ப்பெயரைக் கொண்டு தேடினால் பல நேரம் கிடைக்காது. பழைய அச்சு நூல், இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அரசு ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு 'நூலகம்' தளம்.

காப்பகத்துக்குப் போவதானால் முன்னதாகவே அனுமதிக்கு எழுதி, கைடின் கடிதத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போய் ஒரு நாளை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

4. தேடல் வாக்கியத்தைக் கட்டுங்கள், ஒவ்வொரு தேடலையும் பதியுங்கள்

சொற்பட்டியலில் ஒரே பொருளைக் குறிக்கும் சொற்களை 'ஆர்' போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். வெவ்வேறு பொருள்களை 'அண்ட்' போட்டு இணையுங்கள். இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். 'ஆர்' என்பதைப் பெரிய எழுத்தில் தட்டினால்தான் ஸ்காலர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சொல்லின் வாலை வெட்டும் நட்சத்திரக்குறி ஸ்கோபஸில் வேலை செய்யும், ஸ்காலரில் செய்யாது.

'டேங்க்' என்று வெறுமனே தேடிப் பாருங்கள். ராணுவ டாங்கி, பெட்ரோல் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் வரும். 'டேங்க் இரிகேஷன்' என்று மேற்கோளுக்குள் வைத்து, கூடவே இடப்பெயரையும் சேர்த்தால் கூட்டம் வடிகிறது. ஸ்கோபஸில் தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் மூன்றில் மட்டும் தேடச் சொல்லுங்கள். முழுக் கட்டுரையிலும் தேடினால் எங்கோ ஓர் அடிக்குறிப்பில் அந்தச் சொல் வந்த கட்டுரையும் சேர்ந்து வரும்.

ஒவ்வொரு தேடலையும் 'தேடல் பதிவு' தாளில் ஒரு வரியாக எழுதுங்கள். தேதி, எந்தத் தளம், தேடிய வாக்கியம் அப்படியே, வைத்த வடிகட்டி, எத்தனை முடிவு வந்தது, அதில் எத்தனை எடுத்தீர்கள். இதைச் செய்யச் சொன்னால் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து, "கண்மாய் என்று ஜேஸ்டோரில் தேடினேனா?" என்ற கேள்வி வரும்போது பதில் இங்கேதான் இருக்கும். மருத்துவம் போன்ற துறைகளில் முறைசார் மீளாய்வு எழுதுகிறவர்கள் பிரிஸ்மா என்ற அறிக்கை நெறிமுறைப்படி இந்த எண்களைப் படமாகவே வரைந்து காட்ட வேண்டும். எண்களைப் பின்னால் உருவாக்க முடியாது, தேடும்போதே எழுதினால்தான் உண்டு.

5. நல்ல கட்டுரை ஒன்றைப் பிடித்து முன்னும் பின்னும் போங்கள்

சொல்லால் எட்ட முடியாததை மேற்கோளால் எட்டலாம். உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய மூன்று, நான்கு கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் ரெஃபரன்ஸ் பட்டியலைப் பார்ப்பது பின்னோக்கிய தேடல். அந்தக் கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஸ்காலரிலோ ஸ்கோபஸிலோ பார்ப்பது முன்னோக்கியது.

எடுத்துக்காட்டாக, இலங்கைக் குளத் தொடர்களைப் பற்றி மத்தும பண்டார என்ற ஆய்வாளர் 1985இல் எழுதிய கட்டுரையை எடுத்து முன்னோக்கிப் போனால், பொறியியல், சூழலியல், சமூகவியல் எனப் பல துறைக்காரர்களும் அதே கட்டுரையைச் சுட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஒருவருக்கொருவர் சொல் வேறாக இருந்தாலும் வேர் ஒன்று. துறைகளுக்கு நடுவே பாலம் போடும் கட்டுரைகள் இப்படித்தான் அகப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்துப் பேர் மேற்கோள் காட்டிய ஓர் எண்ணைக் கண்டால் உடனே நம்பிவிடாதீர்கள். வேர்க் கட்டுரை வரை போய்ப் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே பழைய அறிக்கையிலிருந்து எடுத்திருப்பார்கள், அந்த அறிக்கையில் அது வெறும் மதிப்பீடாக இருக்கும்.

6. களையெடுங்கள்

முதல் களையெடுப்பு தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பார்த்து. ஒரு கட்டுரைக்கு இரண்டு நிமிடம். 'வேண்டும்', 'வேண்டாம்', 'சந்தேகம்' என மூன்று குறி. வேண்டாம் என்றால் காரணத்தை இரண்டு சொல்லில் எழுதுங்கள்: "பெரிய அணை", "அளவீடு இல்லை". காரணம் எழுதாமல் தள்ளியதைக் கைடு கேட்கும்போது மீண்டும் திறந்து படிக்க வேண்டிவரும்.

இரண்டாவது களையெடுப்பு நம்பகத்தன்மைக்கு. வெளியிட்ட ஜர்னலின் தளத்துக்குப் போங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கங்களில் அந்தப் பொறுப்பைச் சொல்கிறார்களா? ஒரே இதழில் மருத்துவமும் மேலாண்மையும் தமிழிலக்கியமும் கலந்து வருகின்றனவா? சமர்ப்பித்த மூன்றாம் நாள் ஏற்பு, உடனே கட்டணம் என்று இருக்கிறதா? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான ஜர்னல்கள் என்று வைத்திருந்த தன் 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி இனித் தப்பிக்க முடியாது, நாமே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்று பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரையை அந்த இதழ் 2010இல்தான் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் அது புழக்கத்தில் இருந்தது. ஜோட்டெரோவில் சேர்த்துவைத்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் மென்பொருளே சிவப்பில் எச்சரிக்கும். அதற்காகவே எல்லாவற்றையும் அதில் வைத்திருப்பது நல்லது.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளிடம் ரெஃபரன்ஸ் கேட்பவர்கள் இப்போது நிறைய. இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆசிரியரின் பெயரையும் இருக்கிற ஜர்னலின் பெயரையும் சேர்த்து அழகாகக் கொடுத்துவிடும். பார்த்தால் சந்தேகமே வராது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகத் தரப்படும் டிஓஐ எண்ணைத் தட்டி, அதே தலைப்பு திறக்கிறதா என்று பார்க்காமல் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சொற்பட்டியலுக்குப் புதுச் சொற்கள் கேட்க அந்தக் கருவிகள் உதவும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. துறைக்குத் தக்க வரிசையில் படியுங்கள்

அறிவியல், பொறியியல் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டியதில்லை. சுருக்கம், படங்களும் அட்டவணைகளும், முடிவுரை, அதன்பின் செய்முறை என்ற வரிசையில் போங்கள். செய்முறையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கொள்ளளவை எதிரொலி அளவி கொண்டு அளந்தார்களா, செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பைப் பார்த்துக் கணக்கிட்டார்களா, விவசாயிகளைக் கேட்டு எழுதினார்களா என்பதில்தான் அந்த எண்ணின் எடை இருக்கிறது.

வரலாறு, இலக்கியக் கட்டுரைகளில் இந்த வரிசை உதவாது. வாதம் பத்தி பத்தியாக வளரும், அடிக்குறிப்பில்தான் பாதிச் சரக்கு இருக்கும். முன்னுரையின் கடைசிப் பத்தியையும் முடிவுப் பகுதியையும் பார்த்துவிட்டு, பிறகு முழுதாகப் படியுங்கள்.

ஒவ்வொரு துறையும் எதைச் சான்று என்கிறது என்பதைக் கவனியுங்கள். புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியனிடம் நீர்நிலை பெருக்கச் சொல்கிறார். அக்காலத்தில் நீர்நிலை அமைப்பது அரசனின் கடமையாகக் கருதப்பட்டது என்பதற்கு அது சான்று. எந்த ஏரி எவ்வளவு கொண்டது என்பதற்கு அது சான்றாகாது. ஏரி வாரியத்தைப் பேசும் கல்வெட்டு, பராமரிப்புக்கு ஊரவையில் ஓர் அமைப்பு இருந்ததைக் காட்டும். அது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஒழுங்காக நடந்தது என்று காட்டாது. பொறியியல் மாணவர்கள் முன்னுரைக்கு அழகாக இருக்கட்டும் என்று இவற்றைச் சேர்த்து, பாடலால் தாங்க முடியாத முடிவை அதன் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

8. குறிப்பும் அட்டவணையும்

குறிப்பு எடுக்கும்போது மூன்று வகையைக் கலக்காதீர்கள். ஆசிரியரின் வாக்கியம் அப்படியே என்றால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும். அவர் சொன்னதை உங்கள் சொல்லில் எழுதினால் பக்க எண் மட்டும். உங்கள் சொந்த எண்ணம் என்றால் ஓரத்தில் 'எ' என்று ஒரு குறி. ஒரு மாணவியின் நோட்டில் அருமையான வாக்கியம் ஒன்று இருந்தது. அது அவருடையதா, படித்ததா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு நாள் தேடி, கடைசியில் அந்த வாக்கியத்தையே விட்டுவிட்டோம். யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும், 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். திருட்டு நோக்கம் இல்லாதவர்களும் குறிப்பைக் கலந்து வைத்ததால் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

படித்து முடித்த அன்றே 'கட்டுரை அட்டவணை'யில் ஒரு வரி சேருங்கள். ஆசிரியர், ஆண்டு, இடம், எத்தனை ஏரி, எந்தக் காலம், அளந்த முறை, கண்டது, பலவீனம், என் கேள்விக்கு என்ன பயன். 'பலவீனம்' கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். உங்கள் ஆய்வுக்கான இடைவெளி அங்கிருந்துதான் பிறக்கும்.

அலகுகளுக்குத் தனிக்கவனம் வேண்டும். பழைய ஆவணங்களில் கொள்ளளவு மில்லியன் கன அடியில் இருக்கும், புதிய கட்டுரைகளில் கன மீட்டரில். ஒரு மில்லியன் கன அடி ஏறக்குறைய 28,317 கன மீட்டர். அட்டவணையில் மூல அலகுக்கு ஒரு நெடுவரிசை, மாற்றிய அலகுக்கு ஒரு நெடுவரிசை என இரண்டும் வையுங்கள். மூலத்தை அழித்துவிட்டு மாற்றியதை மட்டும் வைத்தால் கணக்குத் தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கல்வெட்டில் வரும் குழி, மா, வேலி என்ற நில அளவுகளை இன்றைய ஏக்கராக மாற்றும் ஆசை வேண்டாம். அளந்த கோலின் நீளம் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறியது. அந்தக் கோல் எது என்று தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

9. எப்போது நிறுத்துவது

புதிய சொல் போட்டுத் தேடியும், புதிய கட்டுரையின் ரெஃபரன்ஸைப் பார்த்தும், வருபவை எல்லாம் ஏற்கனவே உங்கள் அட்டவணையில் இருப்பவையாகவே இருந்தால் நிறுத்தலாம். இதைத் துறைவாரியாகப் பாருங்கள். பொறியியலில் நிறைவு வந்திருக்கும், கல்வெட்டியலில் இன்னும் தொடங்கியே இருக்க மாட்டீர்கள். எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள். "நூறு ரெஃபரன்ஸ் வேண்டும்" என்று யாராவது சொன்னால், முதலில் நாற்பதை ஒழுங்காகப் படியுங்கள்.

10. எழுதும்போது ஆளை வரிசைப்படுத்தாமல் கருத்தை வரிசைப்படுத்துங்கள்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அ என்பவர் 2009இல் ஐந்து கண்மாய்களை ஆராய்ந்தார். ஆ என்பவர் 2013இல் பத்துக் கண்மாய்களை ஆராய்ந்தார். இ என்பவர் 2018இல்..." இது பட்டியல். படிப்பவருக்கு இதிலிருந்து எதுவும் விளங்காது.

அட்டவணையைத் திறந்து, ஆண்டுப்படி இருப்பதை 'அளந்த முறை'ப்படி வரிசை மாற்றுங்கள். உடனே பத்தி கிடைக்கும்: "நேரடியாக அளந்த ஆய்வுகள் சில கண்மாய்களோடு நின்றன, செயற்கைக்கோள் படம் கொண்டு செய்தவை பல கண்மாய்களை எடுத்தாலும் நீருக்கு அடியில் உள்ள ஆழத்தைப் பார்க்கவில்லை, இரண்டையும் ஒரே கண்மாயில் ஒப்பிட்டவர்கள் குறைவு." இதில் ஒவ்வொரு கூற்றின் பின்னாலும் அதற்குரிய ரெஃபரன்ஸ்கள் நிற்கும். கடைசிக் கூற்றில் உங்கள் ஆய்வுக்கான இடம் தானே தெரிகிறது.

"யாரும் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். "இந்தத் தளங்களில், இந்தச் சொற்களால், இந்தத் தேதி வரை தேடியதில் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். தேடல் பதிவு கையில் இருப்பவரால்தான் இப்படி எழுத முடியும்.

11. ஒப்படைக்கும் முன்

தேடத் தொடங்கி ஓராண்டு ஆகியிருக்கும். தேடல் பதிவிலிருந்து முக்கியமான ஐந்தாறு வாக்கியங்களை எடுத்து, ஆண்டு வடிகட்டியை மாற்றி, அதே தளங்களில் மறுபடி ஓட்டுங்கள். புதிதாக வந்தவற்றைச் சேருங்கள். பிறகு ரெஃபரன்ஸ் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, பேனாவோடு உட்காருங்கள். உரையில் வரும் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரையில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் சரிபாருங்கள். தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்து முன்னும் பின்னும் மாறி ஒரே ஆசிரியர் இரண்டு பேராகத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான் கண்ணில் படும். ஜோட்டெரோவில் திருத்தினால் பட்டியலும் உரையும் சேர்ந்தே மாறும். திருத்தி முடித்ததும் எக்செல் கோப்பையும் ஜோட்டெரோ நூலகத்தையும் ஒரு பிரதி எடுத்துப் பென் டிரைவில் போட்டு வைத்துவிட்டு, அத்தியாயத்தைக் கைடிடம் கொடுங்கள்.